பெயரில் நின்றுபோகும் விண்ணப்பம்

வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி ஒருவரிடம், இனம் பார்த்துத்தான் எடுக்கிறீர்களா என்று கேட்டால், திறமையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்பார். பெரும்பாலும் அவர் அதை மனமார நம்பியே சொல்கிறார். அதனால்தான் அவர் சொல்வதை விட்டுவிட்டு, அவர் செய்வதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அப்படி எண்ணிப் பார்த்தார்கள். 2001, 2002 ஆண்டுகளில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த சுமார் 1,300 வேலை விளம்பரங்களுக்கு, தாங்களே தயாரித்த ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். விற்பனை, எழுத்தர் வேலை, வாடிக்கையாளர் சேவை போன்ற சாதாரண வேலைகள்தான். படிப்பும் அனுபவமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, சிலவற்றில் எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களையும், மற்றவற்றில் லகிஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தவர் பெயர்களையும் குலுக்கல் முறையில் போட்டார்கள். எமிலிக்குச் சுமார் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லகிஷா பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கணக்குகூட அல்ல. அனுபவமும் தகுதியும் கூடுதலாகக் காட்டிய விண்ணப்பம் வெள்ளையர் பெயரில் போனபோது அழைப்புகள் நன்றாகவே கூடின. கறுப்பினப் பெயரில் போனபோது அவ்வளவாகக் கூடவில்லை. ‘இன்னும் நன்றாகப் படி, தகுதியை வளர்த்துக்கொள்’ என்று கறுப்பின இளைஞருக்குச் சொல்லும் அறிவுரை, அங்கே முழுதாகப் பலிக்கவில்லை.

அந்தப் பெயர்கள் இனத்தைக் காட்டவில்லை, வறுமையைக் காட்டின, முதலாளிகள் அதைத்தான் ஒதுக்கினார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். புறந்தள்ள முடியாத கேள்விதான். ஆய்வாளர்களும் அதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு பெயரையும் பொதுவாக எவ்வளவு படித்த தாய்மார்கள் தங்கள் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கறுப்பினப் பெயர்களுக்குள்ளேயே, படித்த குடும்பங்களின் பெயர்களுக்கு அழைப்பு கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. வசதியான பகுதியின் முகவரியைக் கொடுத்தும் இடைவெளி குறையவில்லை. வறுமைதான் காரணம் என்றால் அந்த முகவரி இடைவெளியைக் கொஞ்சமாவது குறைத்திருக்க வேண்டாமா? இந்த நோய் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2007-இல் வெளியான, சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நடத்திய ஆய்வு, இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு இதே முறையில் விண்ணப்பங்களை அனுப்பியது. தலித் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் அங்கே பின்தங்கின. எனவே இதை அயல்நாட்டுச் செய்தியாகக் கேட்டுவிட்டுக் கடந்துபோக நமக்கு இடமில்லை.

சரி, வேண்டுமென்றே செய்யாததற்கு ஒருவரை எப்படிப் பொறுப்பாக்குவது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது. வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் மின்நிலையத்தில், கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கடைநிலைக் கூலிப் பிரிவு மட்டுமே திறந்திருந்தது. அந்தப் பிரிவில் அதிகபட்சக் கூலி, மற்றப் பிரிவுகளின் குறைந்தபட்சக் கூலியைவிடவும் குறைவு. வேலையில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நாளிலேயே, நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும் என்று நிறுவனம் விதி வைத்தது. அந்தத் தேர்வுகளுக்கும் அந்த வேலையைச் செய்யும் திறமைக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் காட்டவில்லை. நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், வேலைக்குத் தேவையில்லாத விதி ஓர் இனத்தாரை வெளியே நிறுத்தினால் அது செல்லாது என்றது நீதிமன்றம். இது மிகச் சரியான பார்வை என்பது என் கருத்து. மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. விதியின் விளைவைப் பார்க்க முடியும்.

ஆனால் பல நிறுவனங்கள் இன்னமும் மனத்தைத்தான் திருத்தப் பார்க்கின்றன. 2018-இல் பிலடெல்பியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் ஒரு தொழில் சந்திப்புக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைக் காவல் துறை கைது செய்தது. அதற்குப் பிறகு அந்நிறுவனம் மே 29 அன்று பிற்பகல் அமெரிக்காவில் சுமார் 8,000 கடைகளை மூடி ஊழியர்களுக்கு இனப்பாகுபாடு பற்றிய பயிற்சி கொடுத்தது. அக்கறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சமூகவியலாளர் பிராங்க் டாபினும் அவருடைய சகாக்களும் 708 பணியிடங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைச் சொல்கிறது. பயிற்சி வகுப்புகளால் மேலாளர் பதவிகளில் இருக்கும் கறுப்பினத்தவரின் விகிதம் பெரிதாக மாறவில்லை. இதற்கென்று குறிப்பிட்ட ஒருவரிடமோ குழுவிடமோ பொறுப்பை ஒப்படைத்து, பதில் சொல்ல வைத்த இடங்களில்தான் நல்ல மாற்றம் வந்தது.

அப்படியானால் விண்ணப்பத்தில் பெயரை மறைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். பிரான்சில் அதைச் செய்து பார்த்தபோது, குடியேறிய குடும்பத்தாருக்கு நேர்காணல் வாய்ப்பு குறைந்தே போனது. அந்தச் சோதனையில் தாமாக முன்வந்து சேர்ந்த நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களிடம் பரிவோடு நடந்தவை என்பதும், பெயரை மறைத்தபோது அந்தப் பரிவுக்கும் வழி அடைபட்டது என்பதும் ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆனாலும் முறையை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டனில் அரசுக்காக நடத்தி 2009-இல் வெளியிட்ட இதே வகைச் சோதனையில், தனியார் நிறுவனங்களில் பாகுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. பொதுத் துறையில் ஏறக்குறைய இல்லை. பொதுத் துறையில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே படிவத்தை நிரப்பினார்கள். கேட்ட கேள்விகளுக்கு மட்டுமே பதில். அமெரிக்காவின் 108 பெரிய நிறுவனங்களுக்கு 83,000 விண்ணப்பங்களை அனுப்பிய பிந்தைய ஆய்விலும், கறுப்பினத்தவர் இழந்த அழைப்புகளில் ஏறத்தாழ பாதிக்கு ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே காரணமாக இருந்தன. ஆள் எடுப்பதைக் கிளைக்குக் கிளை விட்டுவிடாமல் ஒரே இடத்திலிருந்து நடத்திய நிறுவனங்களில் பாகுபாடு குறைவாகக் காணப்பட்டது. ஒரே நாட்டில், ஒரே சமூகத்தில் ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறதென்றால், நம் படிவத்தில் என்ன கேட்கிறோம், முதல் சுற்றில் யார் எதை வைத்துக் கழிக்கிறார், கழித்த கணக்கை யார் திரும்பப் பார்க்கிறார் என்று ஒவ்வொரு நிறுவனமும் இன்றைக்கே எடுத்துப் பார்க்கலாம்.