வயிற்றுக்குள் ஒரு குழு



நம்ம பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கு. கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள நார்ச்சத்துதான் அதுகளுக்குச் சாப்பாடு. சேமிப்பு போட்டா கடன் கிடைக்கிற மாதிரி, நார்ச்சத்து போட்டா பியூட்டிரேட் என்ற பொருளைத் தருது. குடலின் உட்சுவருக்கு அதுதான் பலம்.

2015-ல் ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடல் புற்றுநோய் அதிகம் வரும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேர். அந்த நோய் அபூர்வமான தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர். இவங்க சாப்பாட்டை அவங்களுக்கும், அவங்க சாப்பாட்டை இவங்களுக்கும் 2 வாரம் மாத்திக் கொடுத்தாங்க. நார்ச்சத்து சாப்பிட்ட அமெரிக்கர்களுக்குப் பியூட்டிரேட் கூடிச்சு, குடல் அழற்சி குறைஞ்சது. கொழுப்பும் இறைச்சியும் சாப்பிட்ட கிராமத்தாருக்குப் பியூட்டிரேட் குறைஞ்சுபோச்சு. ரெண்டே வாரத்தில்!

நாம என்ன பண்றோம்? பொரியலை எல்லாருக்கும் வச்சுட்டு, கடைசியில் வெறுஞ்சோறும் ரசமும் சாப்பிடுறோம். இனி நம்ம தட்டிலும் ஒரு கரண்டி கீரை, ஒரு கை பயறு இருக்கட்டும்.

ஆனா சாப்பாடு மட்டுமே காவல் இல்லை. மலத்தில் ரத்தம் போனா, மூலம்தான்னு நினைச்சு வெட்கப்பட்டு மறைக்காதீங்க. குழுவில் பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம். கடனுக்கு ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பேற்கிறோமே, உடம்புக்கும் ஏற்போம்.