வெள்ளீயமும் புகையும்



பாரசீக மட்பாண்டக் கலையைப் பற்றி ஈப்போவில் பேசத் தக்க காரணம் இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தை எண்ணிப் பாருங்கள். சுட்ட மண்ணால் செய்த மங்குகளின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். மண்மேல் பூசிய பூச்சு சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படிந்ததால் வந்த வழவழப்பு அது. அதனால்தான் உள்ளே உறைந்த ஒட்டுப்பால் இழுத்தவுடன் உரிந்து வந்தது. பாரசீகத்தின் காஷான் நகரத்துக் கிண்ணங்களின் அழகெல்லாம் இந்தக் கண்ணாடிப் பூச்சிலிருந்தே தொடங்குகிறது.

9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரக் குயவர்கள் சீனத்து வெண்பீங்கானைக் கண்டு ஆசைப்பட்டார்கள். அதற்கேற்ற மண் அவர்கள் ஊரில் இல்லை. ஆகவே பூச்சில் வெள்ளீயத்தைக் கலந்தார்கள். பூச்சு பால்போல் வெளுத்து, அடியிலிருந்த மங்கல் மண்ணை மறைத்தது. ஈப்போ அமைந்த கிந்தாப் பள்ளத்தாக்கை உலகறியச் செய்த அதே வெள்ளீயம்தான். நம் மலாய்த் தீபகற்பத்துக் கரையில் இருந்ததாகக் கருதப்படும் 'கலா' துறைமுகத்தின் வெள்ளீயத்தை அக்கால அரபு நூலாசிரியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் வந்த மேற்காசியாவின் நீலப்பச்சைப் பூச்சுப் பானையோடுகள் கெடாவின் சுங்கை மாசிலும் இலங்கையின் மாந்தையிலும் கிடைத்திருக்கின்றன.

பஸ்ராவில் பிறந்த இன்னொரு வித்தை எகிப்து வழியாக 12ஆம் நூற்றாண்டில் காஷானுக்கு வந்து சேர்ந்தது. அதுதான் பொன்மினுக்கு ஓவியம். குயவர் குடும்பத்தில் பிறந்து வரலாற்றாசிரியரான அபுல் காசிம் 1301இல் இந்தத் தொழிலை எழுதி வைத்தார். பாண்டத்துக்குப் படிகக்கல் பொடி பத்துப் பங்கு, கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு என்று அளவும் சொல்கிறார். பூச்சின்மேல் பல வண்ணத்தில் குதிரைவீரரையும் அரசவையையும் தீட்டிய மினாயி வகையும் உண்டு. என் மனம் போவது பொன்மினுக்கிடம்தான்.

ஏற்கெனவே பூசிச் சுட்டு முடித்த கிண்ணத்தின்மேல், வெள்ளியும் செம்பும் சேர்ந்த குழம்பால் தீட்டுவார்கள். பிறகு மறுபடியும் சூளை. இம்முறை சூடு குறைவு, காற்றும் குறைவு. மூச்சுத் திணறும் நெருப்பு புகையைக் கக்குகிறது. அந்தப் புகை குழம்பிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உலோகம் மட்டும் கண்ணாடிப் பரப்பில் மெல்லிய படலமாகத் தங்குகிறது. வெளியே எடுக்கும்போது மேலே அழுக்குத்தான் தெரியும். ஈரமண்ணால் தேய்த்தபின் பொன்னிறம் எழும். காற்றைச் சற்று அதிகம் விட்டாலும் கெடும், புகை மிஞ்சினாலும் கெடும். இத்தனை நுட்பத்தைக் கருவி எதுவுமில்லாமல் கண்ணாலேயே கணித்தவர்களை நான் வணங்குகிறேன்.

இதே புகை கோலகங்சாரில் வேறு வேலை செய்கிறது. பேராக் ஆற்றங்கரையில் உள்ள சயோங் கிராமத்தில், லாபு எனப்படும் சுரைக்காய் வடிவ நீர்க்குடுவையைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். செதுக்கிய மரக்கட்டையை ஈரமண்ணில் அழுத்திப் பூவேலை பதிக்கிறார்கள். சுட்டெடுத்த லாபுவைச் சூடு ஆறுமுன் நெல் உமிக்குள் புதைக்கிறார்கள். உமி கருகும், கரி மண்ணின் நுண்துளைகளில் ஏறும், பாண்டம் கறுத்துப் பளபளக்கும். கண்ணாடிப் பூச்சு இல்லாததால் நீர் மெல்லக் கசிந்து ஆவியாகி, உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்ந்துவிடும். இன்று பெரும்பாலும் அச்சில் வார்க்கிறார்கள், ஆனால் உமியின் வேலை மாறவில்லை.

தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானைகளையும், காற்றைக் குறைத்து நிறம் கண்ட இந்த வரிசையில் வைக்கிறேன். கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுத்தன, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பதே ஆய்வாளர் பலரும் தரும் விளக்கம்.

பள்ளிப் பிள்ளைகளைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நினைவுப்பொருள் கடைக்குப் போகுமுன், உமியில் லாபு கறுக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.