குளத்துப் பாசியும் சுண்ணாம்பும்

குட்டை நீர் பச்சைக் குழம்பாக மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். செம்பனைக்கும் ரப்பருக்கும் இடும் உரத்திலுள்ள மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, மழை மண்ணோடு அடித்துவந்து நீரில் சேர்க்கிறது. அதை உண்டு பாசி பெருகுகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும், இதற்குச் சுண்ணாம்பைச் சோதித்துப் பார்த்தனர். அந்த ஏரிகளில் இருப்பது கடினநீர், சுண்ணச்சத்து மிகுந்தது. நீற்றிய சுண்ணாம்பை அதில் கலந்தால் வெண்துகள்கள் உண்டாகி, பாஸ்பரஸைப் பற்றிக்கொண்டு அடியில் படிகின்றன. பாசிக்கு உணவு குறைகிறது.

அப்படியானால் நாமும் ஒரு மூட்டை கொட்டலாமே என்று தோன்றும். பொறுங்கள்! நம் மலாக்காவின் ஆற்று நீரும் குட்டை நீரும் பெரும்பாலும் மென்னீர். காரத்தைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. அளவு மீறினால் காரம் சட்டென்று ஏறும். பாசிக்கு முன் மீன் சாகும். மேலும், புதிய உரம் வந்துகொண்டே இருந்தால் எந்தச் சுண்ணாம்பும் நிலைத்த பயன் தராது.

1991இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, மலாக்கா மக்கள் தண்ணீருக்குத் தவித்தனர். தேக்கிய நீரின் அருமை அன்று விளங்கியது. ஆகவே, பெருமழைக்கு முன் உரமிட வேண்டாம். ஓடைக்கரைப் புல்லை வழித்தெடுக்க வேண்டாம். சாணத்தையும் கழிவுநீரையும் குட்டையில் விட வேண்டாம். வந்தபின் விரட்டுவதைவிட வராமல் தடுப்பதே நமக்கு ஏற்ற வழி.