சுவரும் துளையும்: பழவேற்காட்டு வெண்கண்டலை முன்வைத்து

   

முன்வரிசையில் இருக்கும் தாவரவியல் துறைத் தோழர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். பிணக்கு பழையது. தாவரச் செல்லின் சுவர் வெறும் கூடு, காரியமெல்லாம் சவ்விலும் மரபணுவிலும் நடக்கிறது என்பது அவர்கள் கட்சி. சுவரும், அதைத் துளைத்துக்கொண்டு செல்லையும் செல்லையும் இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்கால்களும் இல்லாமல் வளர்ச்சியையோ நோய் எதிர்ப்பையோ விளக்கவே முடியாது என்பது என் கட்சி. கருத்தரங்கில் இதைத் தொடங்கியதுமே மணி அடித்துவிடுவார்கள். இன்று மணி என் கையில்.

இந்த நுண்கால்களை எட்வர்ட் டாங்கில் என்ற தாவரவியலாளர் 1879இல் முதலில் விவரித்தார். எதில் என்கிறீர்கள்? நம் எட்டிக்கொட்டையில்! எட்டியின் முளைசூழ்தசைச் செல்களுக்குச் சுவர் மிகத் தடிப்பு. அதன் குறுக்கே போகும் இழைகள் அவருடைய நுண்ணோக்கியில் பட்டன. இன்றைய பெயரைத் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் 1901இல் வைத்தார். ஒரு துளையின் விட்டம் ஏறத்தாழ 50 நானோமீட்டர்தான்.

எட்டியை விடுங்கள், பழவேற்காட்டுக்கு வாருங்கள். ஏரிக்கரைச் சேற்றில் அங்கங்கே வெண்கண்டல் நிற்கிறதே, அவிசீனியா மரைனா, அதுதான் என் சாட்சி. அது நிற்கும் தண்ணீர் ஒரு நிலையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால், ஏரி கடலைவிடக் கரிக்கும்.  மரம் இடம் மாற முடியாது. இரண்டையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் காவல் வேரில். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெண்கண்டலின் வேர் அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. எதைக்கொண்டு? சவ்விலுள்ள அயனிப் பம்புகள் என்பார்கள் தோழர்கள். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திலிருந்த ஸ்கோலாண்டர் 1968இல் வெளியிட்ட சோதனையை அவர்கள் படித்திருக்கிறார்கள், மறந்ததுபோல் இருக்கிறார்கள். அலையாத்தி வேர்களுக்கு அவர் வளர்சிதை நஞ்சு கொடுத்தார். பம்பு ஓட ஆற்றல் வேண்டும். நஞ்சு அதைப் பறிக்கும். ஆனாலும் உப்பு வடிகட்டல் நிற்கவில்லை! கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் 25 வளிமண்டல அளவு. மரத்தின் நீர்க்குழாய்த் திசுவான சைலத்தில் உறிஞ்சு இழுவை அதையும் தாண்டி 30 முதல் 60 வரை போகிறது. அந்த இழுவையில் நீர் வருகிறது, உப்பு தங்கிவிடுகிறது. 2010 முதல் காட்டுப்பள்ளியில் அழுத்தம் கொடுத்து நன்னீர் பிரிக்கும் ஆலையில் நடப்பதும் இதே இயற்பியல்தான். அங்கே தள்ளுகிறார்கள், இங்கே மரம் இழுக்கிறது. ஆனால் வடிகட்டிக்கு இடுக்கு இருக்கக் கூடாது. செல்களுக்கு இடையேயுள்ள சுவர் வழியாக உப்புநீர் கசிந்துவிட்டால் சவ்வு இருந்தும் பயனில்லை. அந்த இடுக்கை அடைப்பது வேரின் அகத்தோல் சுவரிலுள்ள காஸ்பேரிப் பட்டை என்ற நீர்புகா வளையமும், சூபரின் என்ற நீர்புகாப் பொருளும். ஆக, சுவர் கூடு அல்ல, காவல்.

தப்பி மேலே வரும் உப்பு இலைக்குப் போகிறது. வெயில் ஏறிய நேரத்தில் ஓர் இலையைப் பறித்து மேற்புறத்தை விரலால் தேயுங்கள், நறநறவென்று படிகம் ஒட்டும். நக்கிப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். அந்த உப்பை வெளியேற்றும் சுரப்பி மேற்புறத்தில் சிறு குழிக்குள்ளும், அடிப்புறத்தில் வெண்ரோமங்களுக்குள்ளும் இருக்கிறது. குறுக்கே வெட்டினால் அடியில் இரண்டு முதல் நான்கு சேகரிப்புச் செல்கள், நடுவில் தட்டையான ஒரே ஒரு காம்புச் செல், தலையில் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு சுரக்கும் செல்கள். காம்புச் செல்லின் பக்கச்சுவரைப் பாருங்கள். அதில் முழுக்கக் கியூட்டின் என்ற நீர்புகாப் பொருள் ஏறியிருக்கும். சுவர்வழி அடைபட்டுவிட்டது. எனவே தலைக்குப் போகும் உப்பு, காம்புச் செல்லின் உள்ளே நுண்கால்கள் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே தள்ளிய உப்பு சுவர்வழியே இலைக்குத் திரும்பவும் முடியாது. தலைச்செல்கள் உப்பைத் தள்ள ஆற்றல் செலவாகிறது, பம்பும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கதவில்லாத வீட்டில் இறவை எந்திரம் வைத்து என்ன பயன் என்றுதான் கேட்கிறேன்.

சென்னைத் தரமணியில் மரபணு ஆய்வாளர் அஜய் பரிடாவின் குழுவினர் இதே வெண்கண்டலின் உப்புத்தாங்கும் மரபணுக்களைப் பிரித்து நெல்லில் சேர்த்தார்கள். மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் மரபணுவை எடுத்துப்போகலாம், சுவரின் கட்டுமானத்தை அப்படியே எடுத்துப்போக முடியுமா? நெல்லிலேயே விடை இருக்கிறது. 2009இல் வந்த ஓர் ஆய்வில், உப்பைத் தாங்கும் கேரளத்துப் பொக்காளி நெல்லின் வேரில் ஐ.ஆர். 20 ரகத்தைவிடச் சூபரின் அதிகம், சோடியம் உள்ளே வருவது குறைவு. 1960கள் தொட்டுச் சென்னைக்காக நீர் இறைத்து, கடல்நீர் உள்ளேறிய கிணறுகள் உள்ள மீஞ்சூருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

நோய் எதிர்ப்புக்கு நேரம் போதாது, சுருக்கமாகச் சொல்கிறேன். புகையிலைத் தேமல் வைரஸ், நகர்வுப் புரதம் ஒன்றால் நுண்காலை அகலப்படுத்திக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகிறது. இது 1989இல் உறுதியானது. நெற்பயிரின் குலைநோய்ப் பூஞ்சை, தன் இழையை ஒடுக்கிக்கொண்டு நுண்கால்கள் வழியே நுழைகிறது. இதை 2018இல் காட்டினார்கள். செடியின் பதில், கேலோஸ் என்ற சர்க்கரைப் பொருளைத் துளையைச் சுற்றிப் படியவிட்டு வாயை நெருக்குவது. நோய் வந்ததை எதிர்ப்பு மரபணு அறிவிக்கலாம். வாயை மூடுவது சுவர்.

வளர்ச்சியிலும் அப்படித்தான். பருத்தி இழை விறுவிறுவென்று நீளும் நாட்களில் அதன் அடிவாய் நுண்கால்கள் மூடிக்கொள்கின்றன, உள்ளழுத்தம் ஏறுகிறது, பிறகு திறக்கின்றன. சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் புரதம் 1992இல் கிடைத்தது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

செய்ய வேண்டியவை பல. முகத்துவாரம் மூடியிருக்கும் மே மாதத்திலும், வெள்ளம் வந்த டிசம்பரிலும் ஒரே மரத்து இலைகளை எடுத்துக் காம்புச் செல்லின் கேலோஸை ஒப்பிட வேண்டும். உவர்நீர்ப் பாசன வயல்களில் நெல்வேரின் சூபரினை அளக்க வேண்டும். குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் பிபிடி 5204 நெல் ரகத்தில் துளை அடைபட எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். உப்பு நிலத்தில் வளரும் உமிரிச் செடியையும் விடக் கூடாது. அதற்கு உப்புச் சுரப்பியே இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.