பிரசவக் கதையை டாக்டரிடமும் சொல்லுங்கள்

லெம்பா பெர்த்தாம் மூத்த குடிமக்களுக்கு ஆற்றிய உரை



நான் டாக்டர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். டாக்டர் மலாயில் கேட்பதைத் தமிழில் உங்களிடம் சொல்வதும், நீங்கள் சொல்வதை மலாயில் அவரிடம் சேர்ப்பதும் என் வேலை. அதில் ஒன்றை அடிக்கடி கவனிக்கிறேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்று கேட்டால் அம்மாமார்கள் உடனே பதில் சொல்கிறார்கள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது ரத்தக் கொதிப்பு இருந்ததா என்று கேட்டால் மட்டும், "அது நாற்பது வருசத்துக் கதை, இப்போ எதுக்கு?" என்று சிரிக்கிறார்கள்.

எதற்கு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கர்ப்பம் இருதயத்துக்கு ஒரு பரீட்சை

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது. இருதயம் அத்தனையையும் தள்ள வேண்டும். இந்தப் பாரத்தில் சிலருக்கு ரத்தக் கொதிப்போ இனிப்பு நீரோ தலைகாட்டும். பிள்ளை பிறந்ததும் அது மறைந்துவிடலாம். ஆனால் ரத்தக் குழாய்களில் உள்ள பலவீனம் அப்படியே இருந்து, வயதான பிறகு மறுபடி வெளியே வரலாம்.

கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தக் கொதிப்பு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இருதய நோயோ பக்கவாதமோ வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட சுமார் 2 மடங்கு. கர்ப்ப காலத்தில் இனிப்பு நீர் வந்தவருக்கும் இருதய நோய் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்க இருதயச் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த இரண்டையும் பெண்களின் இருதய ஆபத்துகளில் சேர்த்தது.

வாய்ப்பு கூடுகிறது என்றால் கட்டாயம் நோய் வரும் என்று அர்த்தமில்லை. மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஐந்து

ஒவ்வொன்றுக்கும் கிளினிக்கில் சொல்லும் மலாய்ச் சொல்லையும் தருகிறேன்.

1. கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்பு: மலாயில் "டாரா திங்கி". கால் வீக்கம் பலருக்கும் வரும். கூடவே முகமும் கையும் வீங்கி, கடும் தலைவலி வந்து, கண் மங்கியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் "ஜன்னி கண்டது" என்பார்கள். அந்த வலிப்புக்கு மலாயில் "சாவான்".

2. கர்ப்ப காலத்தில் இனிப்பு நீர்: "கென்சிங் மானிஸ்". சோதித்துப் பார்க்காதவர்கள், பிள்ளை 4 கிலோவோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.

3. குறைப்பிரசவம்: "பெர்சாலின் பிரமாத்தாங்". 37 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளை. எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

4. பல முறை கரு கலைந்தது: "கெகுகுரான்". பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

5. மாதவிலக்கு சீக்கிரம் நின்றது: "புத்துஸ் ஹைட்". பலருக்கும் சுமார் 50 வயதில் நிற்கும். 45 வயதுக்கு முன்பே நின்றிருந்தால், அல்லது ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையையோ சினைப்பையையோ எடுத்திருந்தால் சொல்லுங்கள்.

தாள் இல்லையே என்றால்

இன்று கர்ப்பிணிகள் கையில் இளஞ்சிவப்புப் புத்தகம் இருக்கிறது. உங்களில் பலர் லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்றவர்கள். எழுதிவைத்த பதிவு எதுவும் இருக்காது. பரவாயில்லை, உங்கள் ஞாபகமே போதும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் ஆண்டு இருக்கும். மாதவிலக்கு நின்ற வயது தெரியாவிட்டால், அப்போது கடைசிப் பிள்ளை எந்த வகுப்பில் படித்தது என்று யோசியுங்கள். கணக்குப் போட்டுவிடலாம். ஒரு துண்டுத் தாளில் மகளையோ பேத்தியையோ எழுதச் சொல்லி, ஐசியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை வெட்கம். மகனோ மருமகனோ பக்கத்தில் இருக்கும்போது, கலைந்த கருவைப் பற்றியும் இறந்த பிள்ளையைப் பற்றியும் பேச வாய் வராது. சிலருக்கு அது இன்றும் ஆறாத துக்கம். "மிஸியிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். மகனை வெளியே உட்காரச் சொல்வதில் தப்பே இல்லை.

சொன்ன பிறகு

ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்பு ஆகிய மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. நம் இந்தியச் சமூகத்தில் அது இன்னும் அதிகம். எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுபவருக்கும் அவருடைய கணவர் அல்லது மனைவிக்கும், 40 வயது ஆகியிருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. கிளினிக்கில் விசாரியுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவாடு, ஊறுகாயைக் குறையுங்கள். தேநீரில் கட்டிப்பாலையும் சீனியையும் குறையுங்கள். மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்த கால்கள் உங்களுடையவை. வேலையை விட்ட பிறகு அவற்றைச் சும்மா விடாமல், முடிந்த அளவு தினமும் நடங்கள்.

நெஞ்சு வலியை "வாயு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு மூச்சுத் திணறலாக, தாடை வலியாக, முதுகு வலியாக, குமட்டலாக, காரணமில்லாத அசதியாகவும் வரலாம். இங்கிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்குப் போவது வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. விடியட்டும் என்று பார்க்காமல் உடனே 999-ஐ அழையுங்கள். "சாக்கிட் டாடா" என்றால் நெஞ்சு வலி. அந்த இரண்டு சொல் போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்போ இனிப்பு நீரோ வந்திருந்தால், "பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது" என்று விட்டுவிட வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த முறை கிளினிக்கில் டாக்டர் கேட்காவிட்டாலும், நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.