கருவில் வளரும் அமானிதம்

 

 

காரைக்குடியானாலும் இளையான்குடியானாலும், கருவுற்ற பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பத்தார் இன்று ஒரு புதிய சோதனையைப் பற்றிக் கேள்விப்படுகின்றனர். தாயின் இரத்தத்தைச் சிறிது எடுத்து, கருவின் குரோமோசோம்களில் குறை இருக்கக்கூடுமா என்று கணிக்கும் சோதனை அது. கருவின் மரபணுத் துணுக்குகள் தாயின் இரத்தத்தில் கலந்திருப்பதை 1997ஆம் ஆண்டு டென்னிஸ் லோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். அதன் பயனாய் வந்ததே இது. கர்ப்பத்தின் பத்தாம் வாரம் முதல் இதனைச் செய்யலாம்.

இது தவக்குலுக்கு மாறானதாகுமா? ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆயினும், அறிக்கையைக் கண்டு அவசரப்படுதல் கூடாது.

முதலாவதாக, இச்சோதனை எச்சரிக்கையே தவிர, முடிவான தீர்ப்பன்று. அத்துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. கொடியில் குறை இருந்தும் குழந்தை நலமாயிருப்பதுண்டு. டவுன் நோய்க்குறியைக் கணிப்பதில் இச்சோதனை மிகத் துல்லியமானது. அரிய குறைகளில் நிலைமை வேறு. ஒரு கணக்கைச் சிந்தியுங்கள். 10,000 கருக்களில் ஒன்றுக்கே உள்ள குறையைத் தேடும் சோதனை, நலமான 1,000 கருக்களில் ஒன்றைத் தவறாகச் சுட்டுவதாகக் கொள்வோம். அப்போது 10,000 பேரில் ஏறத்தாழ 11 தாய்மார்களுக்கு அச்சமூட்டும் அறிக்கை வரும். அவர்களுள் பத்துப் பேரின் குழந்தைகள் நலமானவை! ஆகவே பனிக்குட நீர்ச் சோதனையால் உறுதிசெய்யாமல் எம்முடிவும் எடுக்காதீர்கள். குறை கொடியில் மட்டும் இருப்பினும், குழந்தையின் எடை குறையலாம்; தொடர்ந்த கண்காணிப்பு அவசியம்.

இரண்டாவது, காலம். ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை 1990ஆம் ஆண்டு மக்காவில் கூடி, 120 நாட்களுக்கு முன்னர், தீர்க்கவியலாத கடும் குறையை நம்பத்தகுந்த மருத்துவக் குழு உறுதிசெய்து, பெற்றோரும் வேண்டினால் மட்டுமே கருவைக் கலைக்க இடமுண்டு என்றது. அதன் பின்னர், தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுமே அனுமதி. இந்த 120 நாட்கள், மாதவிலக்கிலிருந்து எண்ணும் மருத்துவர் கணக்கில் ஏறத்தாழ 19 வாரங்கள். பனிக்குட நீர்ச் சோதனையைப் பதினைந்தாம் வாரத்திற்குப் பின்னரே செய்வர். முடிவு வரவும் நாட்களாகும். எனவே தாமதியாமல் மருத்துவரையும் மார்க்கமறிந்த ஆலிமையும் ஒருசேர அணுகுங்கள். 2021ஆம் ஆண்டுத் திருத்தப்படி நாட்டின் சட்டம் 24 வாரங்களுக்குப் பின்னரும் மருத்துவ வாரியத்தின் வழியே இடமளிக்கிறது. ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் மார்க்கத்தில் ஆகுமானதாகிவிடாது.

மூன்றாவது, பெண்ணைப் பழிக்காதீர்கள். டவுன் நோய்க்குறி பெரும்பாலும் கருமுட்டை உருவாகையில் தற்செயலாய் நேர்வது. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். எனினும் இளம் தாய்மார்க்கும் நேர்வதுண்டு. இது எவருடைய குற்றமுமன்று. இச்சோதனையால் ஆணா பெண்ணா என அறிய முற்படுவதோ 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் மகவை வெறுத்த அறியாமைக் காலத்தின் எச்சம்.

சகோதரர்களே! குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், அப்பெற்றோரைத் தனியே விட்டுவிடாதீர்கள். அதன் மருத்துவத்திலும் கல்வியிலும் மஹல்லா முழுவதும் தோள்கொடுக்கட்டும். வல்ல ரஹ்மான் நம் சந்ததிகளைக் காத்து, சோதனையில் பொறுமையையும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.