பழைய கோப்பில் ஒரு பெயர்

(ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மேகக் கணினி பற்றிப் பேசச் சொன்னார்கள். 2019-ல் நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலை அதில் ஏற்றியவன் நான். அதில் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன். பெருமையைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்!

பட்டியல் 1990-களில் ஃபாக்ஸ்புரோவில் தட்டியது. அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்டு எப்படின்னா, ஆங்கில எழுத்துக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். ஃபாண்டுக்கு ஃபாண்டு இடம் மாறும். எந்த ஃபாண்டு என்று கோப்புக்குள் இருக்காது. ஃப்ளாப்பி மேல் ஒட்டிய சீட்டில் பேனாவால் எழுதியிருக்கும், அவ்வளவுதான். 1999-ல் தமிழ்நாடு அரசு குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. நம் கோப்பு அதற்கும் முந்தியது.

இதை யுனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பழைய ஃபாண்டில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்து இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் முதலில் க, அப்புறம் ஒரே ஒகரக் குறி. அதெல்லாம் சரியாக வந்தது. ஔகாரத்தில்தான் சறுக்கினேன். பழைய ஃபாண்டில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே எண். என் புரோகிராம் அதை எங்கும் ளகரமாகவே எடுத்துக்கொண்டது. கௌரவம் 'கெளரவம்' ஆனது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு.

ஒரு தோழர் காலமானார். அவர் மனைவி நலநிதிக்கு எழுதினார்கள். 'கௌ' என்று தொடங்கும் பெயர். நான் தேடினேன், இல்லை என்றது. "பதிவில் இல்லை" என்று நானே கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒருவர் பழைய மலரைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஆயுள் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர், பக்கத்தில் மீசை வைத்த படம். அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பதற்றத்தில் அன்று ராத்திரியே கொம்புக்குப் பின் வந்த ளகரத்தை எல்லாம் ஔகாரமாக்கினேன். காலையில் பார்த்தால் 'வெளியூர்' அத்தனையும் சிதைந்து கிடந்தது! ளகரத்தின் மேல் புள்ளியோ இகரக் குறியோ இருந்தால் அது நிஜ ளகரம் என்று விதி போட்ட பிறகுதான் நிமிர்ந்தது. அதிலும் விடுதி நாடகத்தில் பேச்சுவழக்கில் எழுதிய 'வெளக்கு', 'வெளயாட்டு' எல்லாம் 'வௌக்கு', 'வௌயாட்டு' ஆயின. அவற்றைக் கண்ணால் படித்துத்தான் திருத்தினோம். இத்தனை தடவை திருத்த முடிந்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை. முன்னாள் பொருளாளர் தம் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார். மூலக் கோப்பு அதில் இருந்தது.

விடுதிக் கையேட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதை யுனிகோடு என்று நினைத்து யாரோ திறந்து, அப்படியே சேமித்து, மேகத்தில் ஏற்றி, மூலத்தையும் அழித்துவிட்டார்கள். புரியாத எண்கள் எல்லாம் ஒரே கேள்விக்குறிக் கட்டமாகிவிட்டன. எந்தக் கட்டம் எந்த எழுத்து என்று எந்தப் புரோகிராமும் இனிச் சொல்லாது. நாற்பது பக்கம்.

மாணவர்கள் இப்போது எனக்கு உதவியாக இருக்கிறார்கள். மூலக் கோப்பைத் தொடுவதில்லை. மாற்றிய பிரதி தனியே, எந்த ஃபாண்டு என்ற குறிப்பும் அதோடு. தோழர்களே, பரணில் கையேட்டின் அச்சுப் பிரதியோ, பழைய ஃப்ளாப்பியோ கிடந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் மேசையில் உட்கார்ந்திருப்பேன், வந்து சொல்லுங்கள். சீட்டைக் கிழித்துவிடாதீர்கள்.